பட்டைக் கிளாம்ப்

பட்டைக் கிளாம்ப் என்பது பசை தடவிய மரத்துண்டுகளைச் சுற்றி வளைத்து இறுக்கி, பசை காயும்வரை பிடித்து வைக்கும் தச்சுக் கருவி. நைலான் அல்லது பாலியெஸ்டர் நாடாவும், அதை இறுக்கிப் பின்வாங்காமல் பிடிக்கும் பல்சக்கரமான ராட்செட்டும் இதன் முக்கிய உறுப்புகள். மூலைகளில் வைக்கச் சிறு கட்டைகளும் சிலவற்றுடன் வரும். கயிற்றை இரட்டையாகச் சுற்றி, நடுவில் குச்சி செருகி முறுக்குவது இதன் பழைய வடிவம். சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துக் கட்டினாலும் சிறு வேலைகள் நடக்கும்.

படச்சட்டம், எண்கோணப் பெட்டி, வட்டமான பொருள்கள், சாய்ந்த கால்களுள்ள நாற்காலி ஆகியவற்றுக்கு இது ஏற்றது. நாற்காலிக் கால்களில் எதிரெதிரே இணையான பரப்பு இல்லாததால், இரு தாடைகளால் நேராக நெருக்கும் பார் கிளாம்ப் வழுக்கிவிடும். பட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பட்டை திரும்பும் இடத்தில்தான் அழுத்தும்; நேரான பக்கத்தின் நடுவில் அது மரத்தைத் தொட்டாலும் அழுத்தம் இராது. வட்டப் பொருளில் ஆரம் இரட்டிப்பானால் அழுத்தம் பாதியாகும். 45 பாகையில் வெட்டிய சட்ட மூலையிலோ, பட்டையின் இழுவை ஒட்டுமுகத்தை நெருக்கும் விசையாகிறது. நான்கு மூலைகளையும் ஒரே கருவி ஒருசேர இறுக்குவது இப்படித்தான்.

ஆனால் உராய்வு இந்தக் கணக்கைக் கெடுக்கும். உராய்வுக் கெழு 0.2 எனக் கொண்டால், ராட்செட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இழுவை ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். வழுவழுப்பான மூலைக்கட்டைகள் இந்த இழப்பைக் குறைக்கும். மர விளிம்பு நசுங்காமலும் காக்கும். இறுக்கும்போது எதிர்ப்பக்கப் பட்டையைக் கையால் இழுத்து நகர்த்திவிடுவதும், இரண்டு பட்டைகளை அவற்றின் ராட்செட்டுகள் எதிரெதிரே இருக்கும்படி போடுவதும் வழக்கம்.

சட்டம் செங்கோணமாக இருக்கிறதா என்பது பட்டைக்குத் தெரியாது. செவ்வகம் சற்றே சாய்ந்து இணைகரமானாலும் சுற்றளவு மாறாது. அதனால் பட்டை தளர்வதும் இல்லை, இறுகுவதும் இல்லை. புதியவர்கள் ராட்செட்டை மேலும் முடுக்கிக் கோணலை நிமிர்த்தப் பார்ப்பது வீண் வேலை. இரு மூலைவிட்டங்களையும் அளந்து, நீளமானதன் இரு முனைகளையும் உள்நோக்கி மெல்ல அழுத்த வேண்டும். அளவுகள் சமமானபின் கடைசி இறுக்கம்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்குவதால், பசையில்லாமல் ஒருமுறை கட்டிப் பார்ப்பது அவசியம். பிதுங்கும் பசையில் பட்டை ஒட்டிக்கொள்ளாதிருக்க, மூலைகளில் மெழுகுத்தாளோ பேக்கிங் டேப்போ வைப்பார்கள். முழு வலு பெற ஒரு நாள் ஆகும். அதுவரை அந்த இணைப்பில் பாரம் ஏற்றுவதில்லை.

பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி அகலமாக்கும் வேலைக்கு இது உதவாது. அங்கே பட்டையின் இழுவையில் பலகைகள் வளைந்து மேலெழும்பிவிடும். பார் கிளாம்புகளை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போடுவதே சரி.