அவுரித் தொட்டியும் ஆரோக்கிய விசாரமும்

சங்கராபரணிக் கரையிலுள்ள வில்லியனூரும், பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணையின் நீரைப் பெற்றுச் செழித்த பாகூரும், 1783ஆம் வருஷத்து வெர்சேய் உடன்படிக்கையால் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு உரியவை என்று நிச்சயமான பின்னரும், ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டுக் கிராமங்களோடு பின்னிப் பிணைந்தே கிடந்தன. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் மண் ஒன்றே. 19ஆம் நூற்றாண்டில் இப்பிரதேசத்துக்குப் பெயர் வாங்கித் தந்த அவுரிப் பயிரும் ஒன்றே. அவுரி என்றால் நமக்கு நீல நிறம் நினைவுக்கு வருகிறது. தொட்டிக்கு அருகே குடியிருந்தவர்கள் அதன் நாற்றத்தை அல்லவா முதலில் நினைத்திருப்பார்கள்!

அறுத்த செடியைத் தொட்டியில் அமிழ்த்தி, மேலே பாரம் ஏற்றி, இரவு முழுதும் புளிக்கவிட்டு, அந்நீரை வேறொரு தொட்டியில் இறக்கிக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்கினால் பச்சை நீர் நீலமாகும்; அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சிப் பிழிந்து வில்லைகளாக அறுப்பார்கள். அழுகிய சக்கை வயலுக்கு எருவாகும். சாயக்காரர் அந்த நீலத்தைச் சுண்ணாம்போடும் தகரை விதையோடும் சாலில் இட்டு மறுபடியும் புளிக்கவைப்பார்; சால் பக்குவப்பட்டதா, கெட்டதா என்பதை அவருக்கு உணர்த்தியது நாசியே. புதுச்சேரியில் நீலம் தோய்ந்த கினீத் துணி செனகல் நதிக்கரை சேர்ந்து வேலம்பிசினுக்குப் பண்டமாற்றானபோது, அங்குள்ள வணிகரும் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே அசல் சரக்கைத் தெளிந்தார்கள்.

தொழிலுக்கு அடையாளமான இத்தகைய நாற்றத்தையே அக்காலத்து வைத்திய சாஸ்திரம் வியாதியின் மூலமென்று கருதிற்று. அழுகலிலிருந்து எழும் விஷவாயுவே ஜுரத்துக்கும் காலராவுக்கும் காரணம் என்பது ஐரோப்பாவில் பரவியிருந்த கொள்கை. நெப்போலியன் 1810 அக்டோபர் 15இல் பிறப்பித்த ஆணை, தொழிற்சாலைகளை அவற்றின் நாற்றத்தையும் ஆபத்தையும் கருதி மூன்று வகுப்புகளாகப் பிரித்து, முதல் வகுப்பினவற்றைக் குடியிருப்புகளினின்று விலக்கி வைத்தது. 1880இல் வில்லியனூருக்கும் பாகூருக்கும் கொம்யூன் என்னும் உள்ளூர் ஆட்சி வந்தபோது, ஊரின் சுத்தம் அதன் தலைவரான மேரின் பொறுப்புகளில் ஒன்றாயிற்று. விஷவாயுக் கொள்கை பிழையே. ஆயினும் அது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்றமெடுத்த இடங்களில்தான் பெரும்பாலும் மலம் கலந்த நீர் தேங்கியிருந்தது. அவற்றைத் துப்புரவாக்கியதால் பிழைத்த உயிர்கள் உண்டு.

1884இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைக் கண்டார். 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில், மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்றன்று, கொசுவே என்பதற்குச் சான்று கண்டார். நாற்றமே இல்லாத தெளிந்த நீரிலும் கொசு முட்டையிடும். அதே 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்கு விட, அவுரித் தொட்டிகள் நாளடைவில் வறண்டன. ஒரே வருஷத்தில் வைத்தியரிடமும் சாயக்காரரிடமும் மூக்கின் மதிப்பு சரியத் தொடங்கியது.

2020இல் கொரோனாத் தொற்றுக்கு ஆளான அநேகர் திடீரென மணம் அறியாதவர்களானபோதுதான், முகரும் சக்தியை இழப்பதும் ஒரு வியாதிக்குறி என்று உலகம் மீண்டும் கவனித்தது. முதுமையாலும் தலைக்காயத்தாலும் அச்சக்தி குன்றுவதுண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்தவே கந்தகம் சேர்ந்த மெர்காப்டனைக் கலக்கிறார்கள். முகர முடியாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. ஊசிப்போன குழம்பும் தெரியாது. கண்ணையும் காதையும் சோதிப்பது போல, கிராம்பும் காப்பித்தூளும் கொண்டு மூக்கையும் சோதிக்கும் வழக்கம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேரூன்ற வேண்டும் என்பது என் விருப்பம். தனியே சமைத்துண்ணும் முதியவர்களிடமிருந்து அதைத் தொடங்கலாம்.