12 புள்ளியும் இரண்டு நாள் வகுப்பும்

தென் பிரான்சில் மாஸாமே என்றொரு சிற்றூர். 1973 மே 17 அன்று அந்த ஊர் ஜனங்கள் பெரியவர், சிறியவர் என்று பாராமல் தெருக்களில் வந்து பிணம்போலப் படுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் படம் பிடித்தார்கள். முந்தைய ஆண்டு பிரெஞ்சுச் சாலைகளில் செத்தவர்கள் 16,500 பேருக்கு மேல். மாஸாமேயின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் ஓர் ஊரே காலி என்று நாட்டுக்குக் காட்டினார்கள்.

அந்த ஆண்டே ஊருக்கு வெளியே முன் இருக்கைக்காரர்களுக்கு பெல்ட் கட்டாயமாயிற்று. வேகத்துக்கும் வரம்பு வந்தது. ஆனால் முன்னால் போகிறவனை முட்டுகிற மாதிரி நெருக்குகிறவன், கோட்டைத் தாண்டி முந்துகிறவன், இவர்களை என்ன செய்வது? காசுள்ளவன் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடி அதே வேகத்தில் போவான்.

அதற்காக 1989 ஜூலையில் ஒரு சட்டம் போட்டார்கள். பெர்மி அ புவேன், அதாவது புள்ளிக் கணக்குள்ள ஓட்டுநர் உரிமம். அந்தக் காலத்தில் நமக்கு இருந்த 12 நாள் கேஷுவல் லீவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்புக்குத் தக்கபடி கழிப்பார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 4, இடைவெளி விடாமல் ஒட்டிப் போனால் 3. எல்லாம் கழிந்தால் உரிமம் செல்லாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கணக்கு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

1992 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது கையில் கொடுத்தது 6 புள்ளிகள்தான். லாரி ஓட்டுநர்கள் கொதித்துவிட்டார்கள். நாளெல்லாம் சாலையிலேயே கிடப்பவனுக்கு 6 புள்ளி எத்தனை நாள் வரும்? நெடுஞ்சாலைகளை லாரிகளால் மறித்தார்கள். விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பங்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டன. லீல் நகரப் பக்கம் மறியலை அகற்ற ராணுவ டாங்கியே வந்தது. அந்த டிசம்பரில் 6 என்பது 12 ஆனது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன்.

இந்தச் சட்டத்தின் இன்னொரு பாதி வகுப்பு. இழந்த புள்ளியில் நான்கு வரை திரும்பப் பெற, சொந்தச் செலவில் இரண்டு நாள் உட்கார வேண்டும். பிரெஞ்சில் ஸ்தாழ் என்பார்கள். மனோதத்துவம் படித்தவர் ஒருவர், சாலைப் பாதுகாப்பு கற்பிப்பவர் ஒருவர், எதிரே இருபது பேருக்கு மிகாமல். ஏன் அவசரப்பட்டாய், அந்த நேரம் மனதில் என்ன ஓடியது என்று பேசவைப்பார்கள். பரீட்சை கிடையாது. முழு நேரமும் இருந்தால் போதும், புள்ளி வந்துவிடும். சிலர் தூங்கிவிட்டுத்தான் வருவார்கள் என்று நமக்குத் தெரியாதா! புதிதாக உரிமம் எடுத்தவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. அவர்களுக்கு முதலில் 6 புள்ளிதான். ஒரே தப்பில் மூன்றோ அதற்கு மேலோ போனால் வகுப்பு கட்டாயம். போய்வந்தால் கட்டிய அபராதத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். தண்டிப்பதைவிடத் திருத்துவது முக்கியம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் அது.

2003இல் தானியங்கி ராடார் வந்ததும் புள்ளிகள் மளமளவென்று கரைந்தன. கூடவே ஒரு தந்திரமும் பிறந்தது. கார் ஓட்டாத பாட்டியின் பெயரைக் கொடுத்து, பேரன் புள்ளியைக் காப்பாற்றிக்கொள்வான்! வகுப்பு நடத்துவதும் நல்ல வியாபாரமாகிவிட்டது.

ஆனாலும் 2013இல் சாவு 3,268 ஆகக் குறைந்தது. 1972இல் விபத்து நடந்து ஆறு நாளுக்குள் செத்தவர்களைத்தான் எண்ணினார்கள். 2005 முதல் முப்பது நாள் வரை எண்ணுகிறார்கள். பழைய கணக்கில் பார்த்தால் குறைவு இன்னும் அதிகம். ராடார், பெல்ட், நல்ல கார், நல்ல சாலை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு; வகுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019 திருத்தத்தில், பறித்த உரிமத்தைத் திருப்பித் தருமுன் ஓட்டுநருக்குப் புத்தாக்கப் பயிற்சி என்று எழுதியிருக்கிறார்கள். பாரிஸில் பிள்ளைகள் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் அடுத்த தடவை போனில் பேசும்போது, உனக்கு எத்தனை புள்ளி பாக்கி என்று கேட்டுப் பாருங்கள்.