தேறலும் வாற்கோதுமை மதுவும்

'பார்லி ஒயின்' என்னும் பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஒயின் என்பது திராட்சையின் மது. ஆனால் இப்பெயரால் ஆங்கிலேயர் குறிப்பது முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து காய்ச்சப்படும் கடுமையான ஒருவகை பியரை. பெயர் புதிதாகத் தோன்றினாலும் பழமையானது. கி.மு. 401ஆம் ஆண்டையொட்டி ஆர்மீனிய மலைக் கிராமங்கள் வழியாகத் தன் படையோடு நாடு திரும்பிய கிரேக்கர் செனபோன், அங்கே மண்கலங்களில் 'வாற்கோதுமை மது' இருந்ததையும், மணிகள் மிதந்த அக்கலங்களிலிருந்து நாணற்குழாயால் உறிஞ்சிக் குடித்ததையும், நீர் கலக்காவிட்டால் அது மிகக் கடுமையாக இருந்ததையும் தம் 'அனபாசிஸ்' நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் இதைக் காய்ச்சும் முறை எளிது, ஆனால் செலவு மிக்கது. முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து இறக்கும் முதல் வடிநீர்தான் இனிப்பு மிகுந்தது. அதை மட்டும் தனியே எடுத்துப் புளிக்கவைப்பார்கள். அதே தானியத்தில் மீண்டும் நீர் ஊற்றி எடுக்கும் நீர்த்த வடிநீர் அன்றாடக் குடிப்புக்கான மெல்லிய பியராகும். சாதாரண பியரில் நான்கைந்து விழுக்காடு ஆல்கஹால் என்றால், இதில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இருக்கும். ஆகவே சுவைக்கும் முறையும் வேறு. பனிக்கட்டிபோல் குளிர வைத்தால் சுவை உறங்கிவிடும். சிறிய கிண்ணத்தில், நிலவறையின் குளிர்ச்சியே போதும். செம்பழுப்பு நிறம், முதலில் வெல்லப்பாகும் உலர்ந்த பேரீச்சையும் கலந்தது போன்ற மணம், நாவில் அடர்ந்த இனிப்பு, அதைத் தடுத்து நிறுத்தும் ஹாப்ஸ் பூவின் கசப்பு, தொண்டை கடந்த பின் மெல்லப் பரவும் வெம்மை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கசப்பு தணிந்து, பழைய நூலகத்தின் தோல் அட்டைபோல ஒரு மணம் எழும். 1968இல் டார்செஸ்டர் நகரின் எல்ட்ரிஜ் போப் நிறுவனம், நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து நாற்பதாண்டுகள் ஆனதையொட்டி அவர் பெயரில் வெளியிட்ட பியர், கால் நூற்றாண்டு வரை வைத்திருந்து அருந்தத்தக்கது என்று சொல்லப்பட்டது.

இம்மது பருவம் சார்ந்தது. குளிர்பதனக் கருவிகள் வருமுன், கோடையில் காய்ச்சினால் புளிப்பேறிக் கெட்டுவிடும். புதிய விளைச்சலும் குளிரும் ஒருங்கே வாய்க்கும் அக்டோபரே உகந்த மாதம். ஆகவே நெடுநாள் வைத்திருக்கும் கடும் பியருக்கு 'அக்டோபர் பியர்' என்றே பெயர். கிழக்கு லண்டனின் பௌ பகுதியில் காய்ச்சிய ஹாட்ஜ்சன் குடும்பத்தினர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு அனுப்பியது இத்தகைய பியரே என்று வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். நிலவறையில் ஈராண்டு முதிர வேண்டியது, வெப்பக்கடல்களில் சில மாதப் பயணத்திலேயே முதிர்ந்து கரையிறங்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். கொங்குச் சமவெளியில் அக்டோபர் என்பது வடகிழக்குப் பருவமழையின் மாதமேயன்றிக் குளிரின் மாதமன்று. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால், ஆண்டு முழுவதும் ஆங்கில அக்டோபரை நிகர்த்த குளிர். படகர்கள் அங்கே வாற்கோதுமை பயிரிட்டு வந்தனர். ஜெகதளாவில் எழுந்து 1860இல் வெலிங்டன் என்று பெயர் மாறிய படைவீடு தாகத்தையும் வழங்கியது. 1857ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்ட காசில் புரூவரி நீலகிரியில் தோன்றியதற்குக் காரணங்கள் இவையே. 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. 1899இல் பல்சக்கரப் பாதை குன்னூரையும், 1908இல் உதகையையும் எட்டியது. அதுவரை மலைக்குரிய சுமையெல்லாம் இவ்வூரில் இறங்கி மாட்டுவண்டிகளில் ஏறியே சென்றது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காசில், நீலகிரி ஆலைகள் உள்ளிட்ட ஐந்தை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பின்னாளில் விட்டல் மல்லையாவின் கைக்கு வந்த நிறுவனம் அதுவே. இந்தியாவின் மிகப் பெரிய பியர் வணிகத்தின் வேர்களில் ஒன்று நம் தலைக்கு மேலுள்ள மலையில் ஊன்றியிருக்கிறது.

இதைப் படிக்கும் இலக்கிய வாசகர், இது முற்றிலும் அயலாரின் கதை என்று ஒதுக்கிவிடக்கூடும். அவ்வாறு அன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைப் பாடுமிடத்தில் ஒரு மது சமைக்கும் முறையை வரிசை பிறழாமல் தருகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்றி, கறையான் புற்றின் உள்ளடைபோல் தோன்றும் 'நல்லடை'யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, உறுதியான சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது அது. நல்லடை என்பதற்கு உரைவழி நின்று முளையடை என்று பொருள் கொள்வர். முளைவிட்ட தானியத்திலுள்ள நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. ஆங்கிலேயரின் 'மால்ட்' செய்யும் வேலையும் இதுவே. தானியம் வேறு, அறிவு ஒன்று. அதே பாட்டில் வேறிடத்தில் வரும் 'தோப்பி' வீட்டிலேயே சமைத்த நெற்கள்.

பருவமும் முதிர்ச்சியும்கூட நமக்குப் புதியனவல்ல. புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர், பாரியின் நாட்டில் கார்மழைக்குப்பின் உழுது விதைத்தது முதல் தினை கொய்து, எள் கறுத்து, அவரை காய்க்கும் வரை படிப்படியாகச் சொல்லி, அந்நேரத்தில்தான் நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குடிசைதோறும் பகிரச் செய்கிறார். அறுவடையும் மதுவின் பதமும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை மலைக்குறவர் அருந்துவதும் சங்கப் பாடல்களில் வருவதே. கள், மட்டு, நறவு, பிழி, அரியல், தோப்பி, தேறல் என இத்தனை சொற்களையும் நாம் இன்று 'கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம்.

இச்சொற்கள் எப்போது வழக்கிழந்தன என்பது நெடிய கதை. ஆனால் எஞ்சியிருந்த சுவையறிவையும் இருபதாம் நூற்றாண்டு துடைத்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் விலக்கப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1987 முதல் பனையும் தென்னையும் தரும் கள்ளுக்குத் தடை நீடிக்க, 2003இல் அரசே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது. அங்கே விற்பனையாவதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராவிக்கு நிறமும் மணமும் ஊட்டியது. அதற்குப் பருவம் இல்லை, நிலம் இல்லை, முதிர்ச்சியும் இல்லை. மக்கள் அதற்கு இட்ட 'சரக்கு' என்னும் பெயர் மிகப் பொருத்தமானது.

குடி அழித்த குடும்பங்களின் எண்ணிக்கையை மறந்துவிட்டு இதைப் பேசுவது அறமாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. மதுவை விலக்கச் சொன்னவருக்கும் அதன் வகைகள் தெரிந்தே இருந்தன. தெரிந்து விலக்குவதும், தெரியாமல் விழுங்குவதும் ஒன்றல்ல. இக்கட்டுரை கேட்பது கடைகளை அன்று, வாசிப்பில் சிறிது நுட்பத்தை.

சங்க நூல் ஒன்றின் அடிக்குறிப்பில் 'தேறல்: கள்ளின் தெளிவு' என்று காணும்போது அத்தோடு நின்றுவிடாமல், அது எத்தானியத்தால் ஆனது, அல்லது எத்தேனால் ஆனது, எந்தக் கலத்தில் எத்தனை நாள் இருந்தது, எந்தப் பருவத்தில் திறக்கப்பட்டது என்று கேட்கலாம். பாட்டிலேயே பெரும்பாலும் விடை இருக்கும்.