தொலைவிலிருந்து இயக்கும் வீட்டு வானாய்வகம்

தொலைநோக்கியையும் அதில் பொருத்திய கேமராவையும் மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு, கீழே அறையில் உட்கார்ந்தபடி கணினியாலோ கைப்பேசியாலோ இயக்குவது இன்று அமெச்சூர் வானியலில் சாதாரண வழக்கமாகிவிட்டது. எந்த விண்மீன் பக்கம் திரும்புவது, எத்தனை விநாடி ஒளி வாங்குவது, எந்த வடிகட்டியை முன்னால் கொண்டுவருவது என்பதெல்லாம் ஆணைகளாக மேலே போகும். படம் கீழே வரும். குளிர்நாட்டுக்காரர்கள் இதை உறைபனியிலிருந்து தப்பும் வழி என்பார்கள். திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில், கோயிலின் பெரிய குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், உறைபனியின் இடத்தைக் கொசுவும் புழுக்கமும் பிடித்துக்கொள்ளும். சுகமாக உட்காரலாம் என்பதை மட்டும் பார்த்தால் இம்முறையின் மையம் கண்ணில் படாது. ஆணை அனுப்புவது எளிது. ஆணையிட ஆளில்லாத வேளையிலும், இணைப்பு அறுந்த பிறகும் கருவி தானாக என்ன செய்யும் என்பதில்தான் ஒரு வானாய்வகம் நிலைப்பதும் கெடுவதும் இருக்கிறது.

இதற்கு முதல் சான்று அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்திலேயே கிடைக்கிறது. அதன் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌனுக்கு விண்மீன்களைவிடப் பூமியின் காந்தப்புலத்தில்தான் நாட்டம். சமவெளியில் காந்த ஊசி காட்டும் விலக்கத்தை மலை உயரத்தில் அதே நேரத்தில் எடுத்த அளவுடன் ஒப்பிட வேண்டும் என்பதற்காக, 1850களில் அகத்தியமலையின் உச்சிப் பகுதியில் ஒரு நிலையம் அமைத்தார். அந்தச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். இயக்குநர் நகரில் இருக்க, உள்ளூர் உதவியாளர்கள் மழையிலும் குளிரிலும் மலைமேல் தங்கி அளவுகளைக் குறித்தார்கள். தொலைவிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வகம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். கம்பிக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான். ஆட்கள் இருந்தவரை நிலையம் ஓடியது. ஆட்கள் இறங்கியதும் அது பாழாகி, 1860களில் முன்னதைவிடச் சிறியதாக மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 1874இல் வெளிவந்த பிரௌனின் பெருந்தொகுதி திருவனந்தபுரத்தின் பெயரையும் அகத்தியமலையின் பெயரையும் சேர்த்தே தலைப்பில் தாங்குகிறது. அட்டையில் பிரௌனின் பெயர் இருந்தாலும் அந்த எண்கள் மலையில் விழித்திருந்தவர்களால் வந்தவை.

நம் காலத்துச் சான்று லடாக்கில் உள்ள ஹான்லே. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அங்கே ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியை அமைத்தது. 2000 செப்டம்பரில் அது முதல் ஒளி கண்டது; 2001 முதல், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்கப்படுகிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆணை போய்ப் பதில் வர ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது (ஒரு பாகையில் 3,600 விகலை). ஒரு விகலை பிசகினாலே படத்தில் விண்மீன் நீளத் தொடங்கும் வேலையில் அரை விநாடித் தாமதம் கட்டுப்படியாகாது. அதனால் விண்மீனைப் பின்தொடரும் பொறுப்பு முழுக்க மலையில் உள்ள கணினியிடம் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு மட்டுமே ஹொசகோட்டையில் எடுக்கப்படுகிறது. அதே ஹான்லேயில் 2018இல் இயங்கத் தொடங்கிய 0.7 மீட்டர் குரோத் இந்தியா தொலைநோக்கி இன்னும் ஒரு படி மேலே போய், மனிதத் தலையீடு இல்லாமலே இரவைக் கழிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

ஸ்ரீவராகத்து மொட்டைமாடிக்கும் இதே பிரிவினை பொருந்தும். கேமராவிலிருந்து அறை வரை யூஎஸ்பி கம்பியை இழுத்துவிடலாம் என்பதுதான் புதியவர்களுக்கு முதலில் தோன்றும். அதிவேக யூஎஸ்பி கம்பி சுமார் மூன்று மீட்டரைத் தாண்டினாலே தடுமாறும். மாடியிலிருந்து அறைக்கு அதைப் போல பல மடங்கு தூரம். ஆகவே ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியைத் தொலைநோக்கியின் குழாயிலேயே கட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் கணினியானால் ஆஸ்காம், லினக்ஸானால் இண்டி என்ற பொதுமொழியில் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு), கேமரா, ஃபோக்கசர் எல்லாம் அதனுடன் பேசும். கேமரா எவ்வளவு தரவைக் கொட்டும் என்று பார்த்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும். 26 மெகாபிக்சல் கேமரா ஒன்றின் 16 பிட் படம் 52 மெகாபைட் பிடிக்கும். நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் மணிக்கு மூன்று ஜிகாபைட்டுக்கு மேல். அதை அந்தக் கணினியிலேயே சேமித்துவிட்டு, அறைக்குத் திரைக்காட்சியை மட்டும் வைஃபையில் அனுப்பினால் போதும். வைஃபை நின்றால் திரைதான் போகும், படமெடுப்பது தொடரும்.

இடத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் வடக்கு அட்சரேகை 8.5 பாகையில் இருப்பதால், மவுண்டின் அச்சை வான் துருவத்தை நோக்கி அமைக்க உதவும் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். வடக்கே ஒரு மாடிவீடோ தென்னையோ நின்றால் போயிற்று. பூமத்திய மவுண்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்யப்படுவதால், சிலவற்றின் உயரத் திருகு இவ்வளவு தாழ இறங்குவதில்லை. இறங்கினாலும் எடைத்தண்டு ஏறக்குறைய நேர்கீழே தொங்கி முக்காலியின் காலில் இடிக்கும். அதற்கென ஒரு தூணோ ஆப்போ செய்துகொள்ள வேண்டும். துருவ நட்சத்திரம் மறைந்திருப்பதற்கு மென்பொருளிடம் விடை இருக்கிறது. வானத்தில் மூன்று இடங்களில் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள விண்மீன்களின் அமைப்பை விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது சொல்லிவிடும். 400 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் சேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு 1.9 விகலை, அதே ஒப்பீட்டால் இலக்கைச் சட்டத்தின் நடுவில் வைக்க இது தாராளம். தாழ்ந்த அட்சரேகைக்கு ஈடாகத் தெற்கு வானம் திறந்துகிடக்கிறது. டில்லியில் தாழ்வாகவே கடந்துபோகும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கே 30 பாகைக்கு மேல் ஏறும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிராளி வானிலை. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழை) ஆண்டின் பெரும்பகுதியைப் பறித்துக்கொள்ளும். மிஞ்சும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலும், கடல் சில கிலோமீட்டரிலேயே இருப்பதால் நள்ளிரவுக்குமேல் லென்சில் பனி கோத்துக்கொள்ளும். அதற்கு லென்சைச் சுற்றி ஒரு சூடேற்றும் பட்டை தேவை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை இடி. மாடியிலிருந்து அறைக்கு இறங்கும் எந்தச் செப்புக் கம்பியும் மின்னலின் அதிர்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவரும் பாதையாகலாம்; கம்பி அவசியமென்றால் கண்ணாடி இழையே மேல். இனி, ஒருவர் அறையில் தூங்கிவிட்ட வேளையில் மேகம் திரண்டு முதல் துளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை உணரி நேரடியாக மாடிக் கணினியோடு இணைந்திருந்தால், குழாய் ஓய்வுநிலைக்குப் போகும், நகரும் கூரை மூடும். மின்சாரமும் அதே நொடியில் போகலாம் என்பதால் 12 வோல்ட் பேட்டரி இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. இவற்றில் எதுவும் அறையில் இருப்பவரின் கைப்பேசி அறிவிப்பை நம்பியிருக்கக் கூடாது. விண்மீன் உச்சிக்கோட்டை (வானைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் கோடு) தாண்டியும் மவுண்ட் புரளாமல் குழாய் தூணில் மோதும் விபத்துக்கும் இதே மருந்துதான்: எல்லையை மவுண்டுக்குள்ளேயே எழுதிவைப்பது.

கண்ணால் பார்க்காமல் திரையில் பார்ப்பது வானியலா என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணுக்கும் கருவிக்குமான அந்தப் பிரிவு 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படத் தகடு வந்தபோதே நேர்ந்துவிட்டது. கண்வில்லையில் சனியின் வளையத்தை முதன்முறை பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லைதான். அதை மறுக்க வேண்டியதில்லை, அது வேறு வேலை. நகர வெளிச்சத்தில் என்ன தெரியப்போகிறது என்பது இதைவிடக் கனமான கேள்வி. மங்கிய விண்மீன் பேரடைகளுக்கு ஸ்ரீவராகம் ஏற்ற இடமல்ல, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடும் குறுகிய வடிகட்டி நெபுலாக்களை ஓரளவு மீட்டுத் தரும். எல்இடி தெருவிளக்கின் வெள்ளை ஒளி எல்லா நிறத்திலும் பரவுவதால் முழுதாக மீட்காது. மாறொளிர் விண்மீன்களின் ஒளியை அளப்பதற்கு நகர வெளிச்சம் பெரிய தடையாவதில்லை. அருகிலுள்ள மாறாத விண்மீனோடு ஒப்பிட்டு அளப்பதால் பின்னணி ஒளியைக் கழித்துவிடலாம். அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் 1911 முதல் உலகெங்கும் உள்ள அமெச்சூர்களிடமிருந்து இத்தகைய அளவுகளைத் திரட்டிவருகிறது. ஒரே விண்மீனை இரவுதோறும் சலிக்காமல் அளப்பது மனிதரைவிடத் தானியங்கிக் கருவிக்கே பொருந்தும். மேற்கே விமான நிலையம் இருப்பதால் சட்டத்தில் விளக்குக் கோடுகள் விழும். பல படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது அவை விலக்கப்பட்டுவிடும். (பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடக்கும் ஆண்டின் இரண்டு மாலைகளில் மட்டும் சில மணி நேரம் விமானமே இருக்காது.)

இருண்ட பாலைவனத்தில் உள்ள தொலைநோக்கியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால் இந்தத் தொல்லையே வேண்டாமே என்பது மிக வலுவான ஆட்சேபம். அழகான படம் மட்டும் வேண்டுபவருக்கு அது சரியான ஆலோசனை. ஆனால் வாடகைக்கு நேரம் அளந்துதான் கிடைக்கும். ஒரே விண்மீனுக்கு ஆண்டுக்கணக்கில் இரவுகளைக் கொடுக்க அது தோதுப்படாது. சீஸ்டார் போன்ற எல்லாம் ஒன்றான சிறு கருவிகள் 2023க்குப் பிறகு இந்த வேலையின் முன்பாதியைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கிவிட்டன. மழை வருமுன் எடுத்து உள்ளே வைக்க ஆள் வேண்டும் என்ற பின்பாதி அவற்றிலும் அப்படியே இருக்கிறது. கையில் உள்ள பணத்தைப் பெரிய கண்ணாடிக்குச் செலவழிப்பதா, கூரைக்கும் மழை உணரிக்கும் பேட்டரிக்கும் செலவழிப்பதா என்று வரும்போது, ஸ்ரீவராகத்தில் பின்னதே முதலில் வர வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை கேமராவைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் வைப்பது தனி. எந்தத் தானியங்கி ஏற்பாடும் இதுவரை அந்தக் கைவேலையைக் குறைக்கவில்லை.