201 இலக்கங்களில் எட்டு: சகுந்தலா தேவியும் ஓர் எண்ணும்

1930-களின் நடுப்பகுதியில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மனக்கணக்குப் போட்டுக் காட்டினாள். பெங்களூரில் 1929-இல் பிறந்த சகுந்தலா தேவிதான் அச்சிறுமி. தந்தை சர்க்கஸ் கலைஞர்; முறையான பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. எட்டு வயதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அதே திறனைக் காட்டினார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1977-இல், டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 201 இலக்க எண்ணொன்றின் 23-ஆம் படிமூலத்தை அவரிடம் கேட்டனர். ஐம்பது நொடிகளில் விடை வந்தது: 546372891. யுனிவாக் கணினிக்கு 62 நொடிகள் பிடித்தன என்பது செய்தி. ‘கணினியை வென்றவர்’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. அந்த எண்ணை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால், விடையில் 1 முதல் 9 வரையிலான இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வருவது தெரிந்திருக்கும். இது தற்செயலாக இருக்க முடியாது. கணக்கை அமைத்தவரின் குறும்பு. மேலும், விடை 27-ஆல் வகுபடும். ஆகவே அந்தப் பேரெண் 3-இன் 69-ஆம் அடுக்காலும் வகுபடும்.

முக்கியமான பண்பு வேறு. மூலம் முழு எண் என்று முன்னரே தெரிந்தால், 201 இலக்கங்களும் தேவையில்லை. அந்த எண் 91674 என்று தொடங்கி 771 என்று முடிகிறது. 201 இலக்கமுள்ள எண்ணின் 23-ஆம் படிமூலம் ஏறத்தாழ 49.6 கோடிக்கும் 54.8 கோடிக்கும் இடையில்தான் இருக்கும். முதல் ஐந்து இலக்கங்களின் மடக்கையை 23-ஆல் வகுக்கும்போது பிழையும் 23 மடங்கு சுருங்குவதால், அந்த ஐந்து கோடிச் சொச்சத்தில் எஞ்சுபவை அடுத்தடுத்த சுமார் 260 எண்களே. மறுமுனையில், 10-உடன் சார்பகா எண்ணாக உள்ள எதன் 100-ஆம் அடுக்கும் 001 என்றே முடியும். 23-உம் 100-உம் சார்பகா எண்கள். எனவே 771 என்ற முடிவுக்கு 891 என்ற ஒரே மூலமுடிவுதான் பொருந்தும். அந்த 260-இல் அப்படி முடிவது ஒன்றே. நடுவிலுள்ள 193 இலக்கங்கள் சரிபார்ப்புக்கு மட்டுமே வேண்டியவை.

இதனால் கணக்கு எளிதாகிவிடவில்லை. மடக்கைகளைப் பல இலக்கத் துல்லியத்தோடு மனத்தில் ஏந்தி, வகுத்து, மீண்டும் எண்ணாக மாற்றியாக வேண்டும். அதுவும் மேடையில், பலர் முன்னிலையில். ஆனால் பல இலக்கப் பெருக்கலில் இயந்திரத்தோடு நடந்த ஓட்டப்பந்தயமாக இதை எழுதுவது அவருடைய திறனைத் தவறான இடத்தில் தேடுவதாகும்.

1988-இல் பெர்க்லியில் அவரைச் சோதித்த உளவியலாளர் ஆர்தர் ஜென்சன், 61629875-இன் கனமூலத்தையும் 170859375-இன் ஏழாம் படிமூலத்தையும் கேட்டார். அவர் குறிப்பேட்டில் எண்களை எழுதி முடிக்கும் முன்பே 395, 15 என்ற விடைகள் வந்துவிட்டன. இரண்டு எண்களும் 5-இல் முடிகின்றன. அங்கே கடைசி இலக்கங்களின் உத்தி கைகொடுக்காது, முதல் இலக்கங்களே வழிகாட்ட வேண்டும். 1990-இல் வெளியான ஜென்சனின் ஆய்வுக்கட்டுரை இன்னொன்றையும் பதிவு செய்கிறது: விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய வேகச் சோதனைகளில் சகுந்தலா தேவி மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்.