ஆற்காடு மிஷனும் ஆதித் திருச்சபை வழியும்

ஆற்காடு மிஷன், 1853இல் வட ஆற்காடு மாவட்டத்தில் தொடங்கிய அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் ஊழியம். சித்தூரும் திருப்பதியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல். தொடங்கியவர்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய ஸ்கடர் சகோதரர்கள். மூத்தவரான ஹென்றி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தவர்.

அப்போஸ்தலர் காலத்து முறைக்குத் திரும்புவதே இம்மிஷனின் தொடக்கக் கொள்கை. மக்கள் பேசும் மொழியில் சுவிசேஷம் சொல்வதே முதல் வேலை. பிற சமயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதில்லை என்று விதி வகுத்துக்கொண்டார்கள். பவுலடியார் ஊர் ஊராகப் போய்ப் பேசினாரே தவிரப் பள்ளிக்கூடம் கட்டவில்லை என்பது இதற்கு அடிப்படை. சித்தூர், பலமனேர், மதனப்பள்ளி பக்கம் தெலுங்கும் தேவைப்பட்டது. மதனப்பள்ளியில் 1863 முதல் ஊழியம் செய்த ஜேக்கப் சேம்பர்லின் தெலுங்கில் தேர்ந்தவர். சந்தையில் நின்று பேசுவோருக்காக ஹென்றி ஸ்கடர் தமிழில் ஒரு கைந்நூலே எழுதினார். ஆனால் பள்ளி பற்றிய விதி நிலைக்கவில்லை. கல்வி கேட்டவர்களை மிஷன் நெடுங்காலம் திருப்பி அனுப்ப முடியவில்லை. வேலூர் ஊரிசு கல்லூரி அதன் பின்விளைவு. இது நல்ல மாற்றமே.

மிஷன் விட்டுக்கொடுக்காத விஷயம் சாதி. மெட்ராஸ் மிஷனெரி மாநாடு 1850இல் எடுத்த நிலைப்பாட்டின்படி, ஞானஸ்நானம் கேட்பவர் சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை அவர்களோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். ஆற்காடு மிஷன் இதில் கண்டிப்பாக இருந்தது. ஊரில் தனிக்குவளை, தனிப்பந்தி என்றிருந்த காலத்தில் ஒரே பந்தியில் ஒரு வாய்ச் சோறு உண்பது உறவையும் சீரையும் இழக்கத் துணிவதாகும். அதனால் பலர் வாசலோடு திரும்பினார்கள்.

ஆதித் திருச்சபையின் ஒரு பெருஞ்சண்டையும் பந்தியில்தான் எழுந்தது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. ஆகவே மூல போதனைக்கு உண்மையாயிருத்தல் என்பதில் ஆற்காடு மிஷனின் உறுதியான பங்கு பிரசங்கம் அல்ல, இந்தப் பந்தியே. பள்ளி வேண்டுமா என்பது முறை பற்றிய கேள்வி. உடன் உட்கார்ந்து உண்பது நம்பிக்கையின் சாரம். சாதி பிற்காலச் சபைகளுக்குள்ளும் கல்யாணம், கல்லறை வழியாகத் திரும்ப நுழைந்திருப்பதால் அந்தப் பழைய கண்டிப்பு இன்றும் பொருளுள்ளது. மிஷன் வளர்த்த சபைகள் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன.

ஆதித் திருச்சபை வழிக்கான இதே தேடல் இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு திசையிலிருந்து வந்தது. பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பக்த் சிங் (1903–2000), பல்லாவரம் மலையில் இரவு முழுதும் ஜெபித்தபின், 1941இல் மெட்ராஸில் 'யெகோவா ஷம்மா' சபையைத் தொடங்கினார். 1950இல் ஹைதராபாத் 'எபிரோன்' மையமாயிற்று. ஆந்திரத்தில் இவ்வியக்கம் ஆழ வேரூன்றியது. இவ்வியக்கத்தார் மிஷன்களின் சபைப் பிரிவுப் பெயர்களை ஒதுக்கி, மூப்பர்கள் நடத்தும் சபை, வாரந்தோறும் அப்பம் பிட்குதல் என்று அப்போஸ்தலர் நடபடிகள் காட்டும் வடிவத்தையே கைக்கொண்டனர். இவர்களின் பெரிய கூடுகைகளில் ஆயிரக்கணக்கானோர் பந்தலுக்குள் பாய் விரித்துத் தங்கி, வரிசையாகத் தரையில் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.