இமயம் பிறப்பிடமாகாத இமாலயப் பழம்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் ஆற்றங்கரை, சாலையோரம், பாழ்நிலம் எங்கும் ஒரு முட்புதர் மண்டிக் கிடக்கிறது. கோடையின் பிற்பகுதியில் அதில் கரிய, இனிய பழங்கள் கொத்துக்கொத்தாகப் பழுக்கும். மக்கள் அதனை ‘இமாலய பிளாக்பெரி’ என்பர். ஆயினும் இமயமலை அதன் தாயகமன்று. பின் இப்பெயர் எவ்வாறு வந்தது?

கலிபோர்னியாவின் சாந்தா ரோசா நகரில் பண்ணை அமைத்து, புதிய பயிர் வகைகள் பல கண்டு புகழ் பெற்றவர் லூதர் பர்பாங்க் (1849–1926). இந்தியாவிலிருந்து பெற்ற விதைகளைக் கொண்டு, 1885-ஆம் ஆண்டில் அவர் இச்செடியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். அதற்கு ‘இமாலய இராட்சதன்’ என்று பெயரிட்டு விற்றார். விதை வந்த வழியே செடியின் பிறப்பிடமாகக் கொள்ளப்பட்டது.

உண்மையில் இதன் தாயகம் அர்மேனியாவும் வட ஈரானும் ஆகும். பர்பாங்கிற்கு முன்னரே, 1874-இல், ஃபோக்கே என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் இதற்கு ‘ரூபஸ் அர்மேனியாக்கஸ்’ எனப் பெயர் சூட்டியிருந்தார். ‘ரூபஸ்’ என்பது முட்புதரைக் குறிக்கும் இலத்தீன் சொல். ராஸ்பெரியும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. இப்பேரினத்துச் செடிகள் பல தம்முள் எளிதிற் கலப்பன. சில கருவுறாமலேயே விதை ஈனுவன. ஆதலின் அவற்றை இனம் பிரித்தறிதல் அரிது. அறிஞரும் நெடுங்காலம் இச்செடியை வேறு ரூபஸ் பெயர்களால் எழுதி வந்தனர்.

இதற்கிடையே செடி பண்ணை வேலியைக் கடந்தது. வளைந்த தண்டின் நுனி மண்ணைத் தொட்டால் வேர்விடும்; பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பும். அந்நிலத்திற்கே உரிய பிளாக்பெரி, ‘ரூபஸ் உர்சினஸ்’ என்னும் மெல்லிய படர்கொடியாகும். பூர்வகுடியினர் வழிவழியாக உண்டு வந்த பழம் அதனுடையது. வந்தேறிய புதர் பல இடங்களில் அதனை நெருக்கி ஒதுக்கிவிட்டது. இன்று அவ்விரு மாநிலங்களும் இதனைத் தீங்கு விளைக்கும் களைகளின் பட்டியலில் வைத்துள்ளன.

இமயச் சாரலுக்கு உண்மையில் உரிய முட்புதர்களுள் ஒன்று, பொன்னிறப் பழம் தரும் ‘ரூபஸ் எலிப்டிக்கஸ்’. நீலகிரியிலும் அது வளர்கிறது.

அறிஞர் இட்ட பெயர் நூலில் நின்றது. வணிகர் இட்ட பெயர் மக்கள் நாவில் நிலைத்தது. பெயரும் வரலாற்றுச் சான்றே. ஆனால் அது முதலில் காட்டுவது பெயரிட்டவர் கருதியதை. பொருளின் பிறப்பை வேறு சான்றுகளைக் கொண்டே துணிதல் வேண்டும்.